மழைக்காலத்து விலை

மலைநகரங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை உண்டு. சித்திரை, வைகாசியில் ஒரு விலை; ஆடி, ஆவணியில் வேறு விலை. தங்கும் அறைக்கும் வாடகைக் காருக்கும் மட்டுமின்றி, மண்ணுக்கும் மனைக்கும் கூட இந்த இரட்டை விலை பொருந்தும். மே மாதத்தில் ஒரு கோடிக்குக் குறைய மாட்டேன் என்று நிமிர்ந்து நின்ற வீட்டுக்காரர், ஜூலை மாதத்து மழையில் எழுபது இலட்சத்துக்குத் தலையசைத்து விடுகிறார். வீடு அதே வீடுதான். வாங்குபவரும் ஒருவேளை அதே மனிதராக இருக்கலாம். இடையில் பெய்தது மழை மட்டுமே.

நம் மக்களில் பலர் இன்று உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய இடங்களில் மனை வாங்குகின்றனர். கடல் கடந்து பொருளீட்டித் திரும்பியோர், சமவெளியில் வணிகம் செய்வோர், ஓய்வு பெற்றோர் என அவர்கள் பல திறத்தினர். "சீசனில் வாங்காதே, சீசன் ஓய்ந்த பின் வாங்கு" என்பது அவர்களிடையே வழங்கும் அறிவுரை. இது நல்ல அறிவுரையா என்று கேட்டால் வணிகம் தெரிந்த எவரும் ஆம் என்பர். நேர்மையான அறிவுரையா என்று கேட்டால் என்ன விடை கூறுவது? தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கின்றனர். கூடும், கூடாது என்னும் தீர்ப்புக்குப் பின்னரும் மனத்தில் எஞ்சி நிற்கும் ஒன்றைப் பற்றியே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் மலையின் ஆண்டுக் கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏப்ரல் முதல் ஜூன் முற்பகுதி வரையே பெரிய சீசன். தாவரவியல் பூங்காவின் மலர்க்கண்காட்சி மே மாதத்தில் நடைபெறும். செப்டம்பர், அக்டோபரில் சிறிய சீசன் ஒன்று வந்து போகும். விடுதி நடத்துவோரும், வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விட்டுப் பிழைப்போரும், வண்டியோட்டிகளும், வர்க்கி விற்போரும் இந்தச் சில மாதங்களில் ஈட்டியதைக் கொண்டுதான் ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் வரும். வங்கித் தவணையோ மாதந்தோறும் வரும். ஒரு சீசன் பொய்த்தால் ஆண்டே பொய்த்தது போலத்தான். 2020, 2021 ஆகிய இரண்டு கோடைகளும் கொரோனா ஊரடங்கில் அடுத்தடுத்துப் பறிபோனபோது மலைமேல் எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கின என்பதை அங்குள்ளோர் இன்றும் சொல்வர். 2024 மே மாதம் முதல், உயர்நீதிமன்ற ஆணையின்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. மலையின் தாங்கும் ஆற்றலை எண்ணினால் அது தேவையான ஏற்பாடே என்பது நம் கருத்து. ஆயினும் சீசனை நம்பிப் பிழைப்பவரின் கணக்கு அதனால் மேலும் இறுகியதையும் மறுப்பதற்கில்லை.

இந்நிலையில் ஜூலை மாதத்தில் மலையேறிச் சென்று மனை பார்ப்பவருக்கு இரண்டு காட்சிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமையே நம் தடுமாற்றத்துக்கெல்லாம் காரணம் என்று தோன்றுகிறது. அக்காலத்தில் வீடு தன் குறையை மறைக்க முடியாது. அக்காலத்திலேயே மனிதனும் தன் நெருக்கடியை மறைக்க முடியாது.

முதற்காட்சியில் குற்றம் எதுவுமில்லை, அது பாராட்டத்தக்கதுங்கூட. மே மாதத்து வெயிலில் வெள்ளையடித்த சுவர் அழகாகவே இருக்கும். ஆடி மாதத்தில்தான் சுவரின் ஓதம் தெரியும். கூரைத் தகரத்தின் ஓட்டை தெரியும். அலமாரியைத் திறந்தால் பூசண நாற்றம் வரும். பின்புறத் தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்பதும், மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எவ்வழியே வடிகிறது என்பதும் கண்ணுக்குப் புலப்படும். நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் அண்ணலார். மலையில் மழைக்காலம் செய்வதும் அதுவே; ஈரத்தை மேலே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. விற்பவர் வாய் திறந்து சொல்லாததையும் அது சொல்லிவிடும். ஆகவே சீசன் ஓய்ந்த பின் சென்று பார்ப்பவரைக் குறை கூறுவதற்கு இடமே இல்லை. கண்ட குறைக்கு ஏற்ப விலையைக் குறைத்துக் கேட்பதும் நியாயமே.

இவ்விடத்தில் ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லிவிடுவோம். நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று எண்ணலாகாது. மேற்குப் பகுதியான கூடலூர், அவலாஞ்சி போன்ற இடங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை மிகுதி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிழக்கு முகமான குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே கடுமையானது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மண்சரிவுகள் அந்தப் பருவத்தில்தான் நிகழ்ந்தன. ஆகவே குன்னூரில் மனை வாங்குபவர் ஜூலையில் போய்ப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. அண்டை மாவட்டமான வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த பெருஞ்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவில் வீடு என்பது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, அந்த நிலத்தில் கட்ட அனுமதி உண்டா, அருகில் காட்டு நிலம் உண்டா என்பதையும் விசாரித்தறிவது வாங்குவோர் கடமை. மலைப்பகுதிகளில் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கடுமையானவை என்பதை மறந்து ஏமாந்தோர் பலர்.

இனி இரண்டாவது காட்சிக்கு வருவோம். நம் பொருள் உண்மையில் அதுதான்.

மழைக்காலத்தில் விற்பவர் யார்? வசதியுள்ளவர் அடுத்த ஏப்ரல் வரை காத்திருப்பார். காத்திருக்க இயலாதவரே ஆடி மாதத்தில் விற்கிறார். தவணை தவறி வங்கியின் அறிவிப்பைக் கையில் வைத்திருக்கும் விடுதிக்காரர். குளிர் தாங்காமல் மகன் வீட்டோடு சமவெளிக்குச் செல்ல வேண்டிய முதியவர். பெண்ணுக்குத் திருமண நாள் குறித்துவிட்ட தகப்பனார். பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் உரத்துக்கும் கட்டாமல் அரை ஏக்கரை மனையாக்கி விற்கத் துணிந்த சிறு விவசாயி. இவர்களுள் கடைசியாகச் சொன்னவர் நீலகிரியில் பல்லாயிரம் பேர். 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்ததிலிருந்து அவர்கள் தலைநிமிர்ந்த ஆண்டுகள் குறைவு. தாத்தா உருளைக்கிழங்கு பயிரிட்டு, தகப்பனார் தேயிலை நட்ட நிலம் காட்டேஜாக மாறும் கதை அங்கே ஊருக்கு ஊர் உண்டு.

தரகர் நம்மை அழைத்துச் செல்லும்போது வீட்டைப் பற்றிச் சொல்வதைவிட வீட்டுக்காரரைப் பற்றியே மிகுதியாகச் சொல்வார். "அவருக்கு அவசரமுங்க. இருபதாம் தேதிக்குள்ள பணம் கட்டியாகணும். நீங்க ஒரு வாரம் பேசாம இருங்க, தானா இறங்கி வருவாரு." இந்தச் சொற்களைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்த்தால் திடுக்கிட வேண்டியிருக்கும். தரகர் நமக்கு விற்பது வீட்டை மட்டுமன்று. ஒரு மனிதனின் இருபதாம் தேதியையும் சேர்த்தே விற்கிறார். ஒரு வாரம் பேசாமலிருப்பது வெறும் மௌனம்தானே என்று தோன்றலாம். மறுமுனையில் ஒவ்வொரு நாளும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த மௌனம் எப்படியிருக்கும்?

"அவர் மனமுவந்து கையெழுத்திட்டார், நாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை" என்று வாங்கியவர் சொல்லக்கூடும். வணிகம் இருவரின் மனப்பொருத்தத்தால் நிகழ வேண்டும் என்பது திருமறை வகுத்த நெறி. அந்நெறி இங்கு நிறைவேறிற்று என்றே தோன்றும். ஃபிக்ஹு நூல்களும் ஏறக்குறைய அப்படியே கூறுகின்றன. நெருக்கடிக்கு ஆளானவர் விற்பதை அறிஞர்கள் பலர் வெறுத்துரைத்தனர். அத்தகைய விற்பனையைத் தடுக்கும் நபிமொழி ஒன்றும் அபூதாவூதில் உண்டு. எனினும் அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது. கத்தி முனையில் எழுதி வாங்குவது செல்லாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கடனால் நெருக்குண்டவர் தாமே முன்வந்து விற்பது செல்லும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. அதற்கு அவர்கள் காட்டும் காரணம் நுட்பமானது: அது செல்லாது என்று வைத்தால் இடர்ப்பட்டவரிடமிருந்து எவரும் எதையும் வாங்க மாட்டார், அவருடைய இடர் இரட்டிக்கும். விலை குறைந்துபோனது என்ற ஒன்றை மட்டும் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க நம் கடற்கரையூர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபும் இடங்கொடுப்பதில்லை. ஆகவே கிரயம் செல்லும். சார்பதிவாளர் அலுவலகத்திலும் செல்லும், மத்ஹபிலும் செல்லும்.

ஆனால் செல்லும் என்பதோடு நம் மார்க்கம் பேச்சை முடித்துக்கொள்வதில்லை. வெளியூரிலிருந்து சரக்கு கொண்டுவரும் வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், சரக்குக்கு உரியவர் சந்தைக்கு வந்து விலையறிந்த பின் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளும் உரிமையையும் அளித்தார்கள். அங்கேயும் கட்டாயம் இல்லை, சம்மதம் இருந்தது. ஆயினும் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத நிலையில் பெற்ற சம்மதத்தை முழுச் சம்மதமாக அவர்கள் ஏற்கவில்லை. நம் மலை வீட்டுக்காரர் விலை அறியாதவரல்லர். மே மாதத்து விலை அவருக்கு நன்றாகவே தெரியும். அவரிடம் இல்லாதது மே மாதம் வரை காத்திருக்கும் வலிமை. அறியாமையால் பெற்ற சம்மதத்துக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், இயலாமையால் பெற்ற சம்மதத்தைப் பற்றி நாம் சற்றேனும் கூச்சப்பட வேண்டாமா?

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் திருமறை அத்தியாயம், அவர்கள் பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவதை முதலில் கூறிய பின்னரே, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பதைக் கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலையும், அவர்கள் வாங்குவதை மிகையாக வாங்காததை முன்னே வைத்து, கொடுப்பதைக் குறையாகக் கொடாததைப் பின்னே வைக்கிறது. பாலைவனத்து மறைமொழியும் தமிழ்க் கடற்கரையின் பாட்டும் இவ்வாறு ஒரே வரிசையில் நிற்பது நமக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகிறது. விற்பவனின் பித்தலாட்டத்தை உலகம் எளிதில் கண்டுகொள்ளும். வாங்குபவனின் பித்தலாட்டம் கெட்டிக்காரத்தனம் என்ற பெயரில் மறைந்துகொள்ளும். மத்யன் மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள் நிறையையும் அளவையையும் பற்றிச் சொன்னதோடு நில்லாமல், மக்களின் பொருள்களை அவற்றின் மதிப்பிலிருந்து குறைத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். பேரம் பேசும்போது நல்ல வீட்டை வேண்டுமென்றே பழிப்பதும், காணாத வெடிப்பைக் கண்டதாகச் சொல்வதும், "இந்த இடத்தை யார் வாங்குவார்" என்று உதட்டைப் பிதுக்குவதும் இந்த எச்சரிக்கைக்குள் அடங்குமா அடங்காதா என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

நபித்தோழர் ஜரீர் (ரலி) அவர்களுக்காக அவர்களின் ஊழியர் முன்னூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள் உரியவரிடமே சென்று, உமது குதிரை இதைவிட உயர்ந்தது என்று சொல்லி நானூறு, ஐந்நூறு என்று தாமே விலையை ஏற்றி எண்ணூறு வரை கொடுத்து வாங்கினார்கள் என்று ஹதீஸ் நூல்களில் செய்தி உண்டு. எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். இதைப் படிக்கும் போதெல்லாம் நாம் புன்னகைக்கிறோம். பின்பு நம்மால் ஆகாது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நிலம் வாங்கிய ஒருவர் அதில் பொற்குடம் கண்டெடுத்து, நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை வாங்கவில்லை என்று விற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க, விற்றவரோ நிலத்தையும் அதிலுள்ளதையும் விற்றுவிட்டேன் என்று ஏற்க மறுத்த வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். தீர்ப்புக்குப் போன இடத்தில் ஒருவரின் மகனுக்கும் மற்றவரின் மகளுக்கும் மணமுடித்து அப்பொன்னை அவர்களுக்குச் செலவிடச் சொன்னார்களாம். சொத்துக்காக உடன்பிறந்தோர் நீதிமன்ற வாசலில் தவங்கிடக்கும் நம் காலத்தில் இது கனவு போலத் தோன்றும்.

நடைமுறைக்கு இன்னும் நெருக்கமாகப் பேசுபவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஏழையிடமிருந்தோ பலவீனரிடமிருந்தோ வாங்கும்போது சிறிது கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது நன்மை என்றும், இலாபம் நாடும் செல்வந்த வணிகரிடம் அப்படி ஏமாறுவது புகழுக்குரியதன்று, பொருளை வீணாக்குவதே என்றும் இஹ்யாவில் எழுதுகிறார்கள். நம் கேள்விக்கு வேண்டிய அளவுகோல் இதில் கிடைக்கிறது. பத்துக் காட்டேஜ்களில் ஒன்றை விற்கும் நிறுவன முதலாளியிடம் ஆடி மாதத்தில் அடித்துப் பேசுங்கள்; அதில் ஒரு பழியும் இல்லை. அவருக்கு நாம் விட்டுக்கொடுப்பது தருமமாகாது. அரை ஏக்கர் தேயிலைக்காரரிடமும், குடியிருந்த ஒரே வீட்டை விற்கும் முதியவரிடமும் அந்தப் பேரத்தை அப்படியே கொண்டுபோய் நடத்தலாகாது.

"சந்தை விலைதானே நியாய விலை? ஆடியில் ஆடி விலை" என்பர் சிலர். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஸமனுல் மிஸ்ல் எனப்படும் ஒத்த விலையை ஃபகீஹுகள் அந்தந்த இடத்தையும் காலத்தையும் கொண்டே கணிக்கின்றனர். ஆனால் குடையோ கம்பளியோ ஒரு பருவத்துப் பொருள், வீடு அத்தகையதன்று. அதை வாங்குபவர் ஆடியில் வாங்கி ஆவணியில் விட்டுவிடப் போவதில்லை. எத்தனையோ சித்திரைகளை அந்த வீட்டிலிருந்து அவர் அனுபவிக்கப் போகிறார். ஆண்டு முழுவதுக்கும் பயன் தரும் பொருளை ஆண்டின் மிகத் தாழ்ந்த நாளின் விலையால் மட்டும் அளப்பது சரியாகுமா? மே மாதத்து விலையும் சரியானதன்று என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் பூக்களின் மயக்கமும் சுற்றுலாக் கூட்டத்தின் போட்டியும் கலந்திருக்கின்றன.

தொடக்கத்தில் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோடிக்கும் எழுபது இலட்சத்துக்கும் இடையே முப்பது இலட்சம். மழையில் தெரிந்த கூரைப் பழுதுக்கும் தடுப்புச்சுவருக்கும் பத்து இலட்சம் என்று வைத்துக்கொண்டால் அது நியாயமான கழிவு. மே மாதத்தில் மிகைப்படுத்திச் சொன்ன எட்டு இலட்சம் கழிவதும், வாங்குவோர் குறைவாக இருப்பதால் நேர்வதுமாகையால் நியாயமே. எஞ்சிய பன்னிரண்டு இலட்சத்துக்கு எந்தச் சுவரையும் காட்ட முடியாது. எந்தச் சந்தையையும் காட்ட முடியாது. அது அந்த இருபதாம் தேதியின் விலை. நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அவருடைய உறக்கமற்ற இரவுகளின் மதிப்பு. இதைப் புள்ளி பிசகாமல் யாரும் பிரித்துவிட முடியாது என்பது உண்மையே. பிரித்துப் பார்க்கவே மறுப்பதற்கு அது காரணமாகாது.

இம்மலையில் மனை வாங்கிய வரலாறே இத்தகைய ஐயத்தோடுதான் தொடங்குகிறது என்பதை நினைவு கூர்தல் தகும். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளுக்குள் தோடர்களிடமிருந்து நிலம் பெற்று, உதகையில் கல்பங்களா என்னும் முதல் ஐரோப்பிய வீட்டைக் கட்டினார். ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் அவர் வாங்கினார் என்று கூறுவர். எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களுக்கு நிலத்தை விற்பது என்பதே புதுமை. அவர்களும் சம்மதித்தார்கள்தாம். தாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்களா? அதே சல்லிவன் பின்னாளில், அந்த நிலத்தில் தோடர்களுக்கே முழு உரிமை உண்டு என்று சென்னை ஆளுநர் லுஷிங்டனின் அரசோடு வாதாடினார் என்பதும் வரலாறு. அவர் மனத்தில் என்ன உறுத்தியதோ, நாம் அறியோம். வெள்ளைக்காரரைக் குறை கூறுவது நமக்கு எளிது. ஒரு ரூபாய்க்கு ஏக்கர் வாங்கியவரைக் கண்டு கொதிக்கும் நாம், அடிமாட்டு விலைக்கு வாங்கியதைத் திருமண வீட்டுப் பந்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் இருக்கிறோமா?

அப்படியானால் மழைக்காலத்தில் வாங்கவே கூடாதா? வாங்கத்தான் வேண்டும். நாம் ஒதுங்கிக்கொண்டால் அவர் வட்டிக்காரரிடம் போவார். அல்லது நம்மைவிட இரக்கமற்ற ஒருவரிடம் விற்பார். வாங்கும் முறையில்தான் வேறுபாடு. இருபதாம் தேதிதான் இடர் என்றால், விலையை அவசரமாகப் பேசி முடிக்காமல், தேவைப்படும் தொகையை முன்பணமாகவோ அழகிய கடனாகவோ கொடுத்து, விலையைப் பின்னர் ஆற அமரப் பேசலாம். தவணை கடந்துவிட்ட நிலையில், அவரிடம் கேட்காமலே ஒரு படி ஏற்றிக் கொடுக்கலாம். மனம் வருந்தித் திரும்பி வருபவரிடம் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ள இசைபவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸ் உண்டு. இகாலா என்று அதற்குப் பெயர். ஏப்ரல் மாதத்தில் அந்த முதியவர் பணத்தோடு வந்து, என் வீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் நாம் கொடுப்போமா? சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்திடும் முன்பு இக்கேள்வியை நமக்குள் ஒரு முறை கேட்டுக்கொண்டால் விலை தானாகவே சரியாகிவிடும் என்றே நினைக்கிறோம்.

பத்திரத்தில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாகக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லத் தேவையில்லை. அது பொய், அதற்கு வேறு பெயர் கிடையாது. அவசரக்காரரிடம் அந்தப் பொய்க்கும் சம்மதம் வாங்கிவிடுவது எளிது என்பதால்தான் இங்குக் குறிப்பிட்டோம்.

வாங்கிய பின்னரும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. நம்மவர் வாங்கும் மலைவீடுகள் பலவும் ஆண்டில் பதினைந்து நாள் திறந்திருக்கும்; மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும். அதே மலையில், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்னும் லயன் அறைகளில் நெருங்கி வாழ்கிறது. நாம் சென்று தங்கும் அந்தப் பதினைந்து நாளும் கோடை நாள்கள். ஊருக்குத் தண்ணீர் குறையும் நாள்களும் அவையே. வீடு விற்பதில் அண்டை வீட்டாருக்கு எவ்வளவு மதிப்பளிக்கப்பட்டது என்பதற்கு அபூராஃபிஃ (ரலி) அவர்களின் வரலாறு சான்று. ஸஃது (ரலி) அவர்களின் இல்லத்தையடுத்திருந்த தம் இரண்டு அறைகளுக்கு வேறிடத்தில் ஐந்நூறு தீனார் ரொக்கமாகக் கிடைக்கவிருந்தது. ஸஃது (ரலி) அவர்களோ நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையில்தான் என்றார்கள். அண்டையிலிருப்பவருக்கு உரிமை மிகுதி என்று நாயகத்திடம் கேட்டிராவிட்டால் உமக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லி அபூராஃபிஃ (ரலி) அவர்கள் அவருக்கே கொடுத்தார்கள். ஷுஃப்ஆ எனப்படும் இவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமா, அண்டை வீட்டாருக்கும் உண்டா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் கருத்து வேறுபடுகின்றன. எவ்வாறாயினும், விலை பேசும் முன் பக்கத்து நிலத்துக்காரரை ஒரு சொல் கேட்பதற்கு எந்த மத்ஹபும் தடையில்லை. பல தலைமுறையாக அருகில் தேயிலை பறித்தவர் அந்த அரை ஏக்கரைத் தவணையில் வாங்கக் காத்திருக்கக்கூடும். தரகர் அதை நமக்குச் சொல்ல மாட்டார்.

அவ்வாறு கேட்டு, நேரிய விலை கொடுத்து வாங்கிய பின், கீழ்த்தளத்தை ஊரில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கோ செவிலியர் குடும்பத்துக்கோ தாங்கக்கூடிய வாடகைக்குக் கொடுக்கலாம். மேல்மாடி நம் பிள்ளைகளின் விடுமுறைக்குப் போதும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரே மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூசணம் பிடிக்கும். ஆள் இருந்து அடுப்பெரியும் வீட்டில் ஓதம் அவ்வளவாக ஏறுவதில்லை.